புலமைப்பரிசிலும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும்

தகவல் தொழில்நுட்பம் படிக்கப் பணம் வேண்டும், பணம் இருப்பவன் கொழும்பில் படித்துக்கொள்வான், நமக்கு அது எழுதப்பட்டதன்று என்று வட்டகொடையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெற்றோர் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம், அவர்களை நிறுத்திவைத்து விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட வேண்டுமென்ற ஆவல் எனக்கு எழுகிறது. ஆனால் பஸ் வந்துவிடும். பேச்சு பாதியில் நின்றுவிடும். ஆகையால் சொல்ல நினைத்தவற்றை இங்கே ஆற அமர எழுதிவைக்கிறேன். தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் இடையில் ரயில் நிற்கும் இந்தச் சிற்றூரைச் சூழ்ந்த தோட்டங்களில், பிள்ளைகளின் விண்ணப்பப் பத்திரங்களை நிரப்பிக் கொடுப்பதும், நேர்முகப் பரீட்சைக்கு அவர்களை ஆயத்தம் செய்வதும், ஆசிரிய உத்தியோகத்தோடு கூடவே என்னிடம் வந்து சேர்ந்த பணிகள். அவற்றில் ஈடுபட்ட அளவில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான். கொடுப்பதற்குப் பொருளுதவி இருக்கிறது. பெறுவதற்கு யோக்கியதையுள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவ்விரண்டும் சந்திக்க முடியாமற் போவது, நாம் நினைப்பதுபோல் நேர்முகப் பரீட்சை அறைக்குள் அன்று. அதற்கு வெகு காலம் முன்பே, சாதாரண தரம் முடிந்து பாடம் தெரிவு செய்யும் அந்தச் சில வாரங்களிலும், தகரப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பத்திரங்களிலும் அது நடந்து முடிந்துவிடுகிறது.

முதலில் பொருளுதவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளை முதற் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்பதையே நம்மில் அநேகர் மனத்தில் வாங்கிக்கொள்வதில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பீடம் 2001 முதல் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி 2002 இல் ஏற்பட்டது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவும் கணினித் துறையில் பட்டம் தருகின்றன. வசதி குறைந்த மாணவருக்கு 1981 இல் தொடங்கப்பெற்ற மகாபொல புலமைப்பரிசில் மாதந்தோறும் கைச்செலவுக்கு உதவுகிறது. அனுமதியிலே நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 இடங்கள் மாவட்டங்களின் ஜனத்தொகை விகிதத்துக்கும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பங்கிடுகிறார்களே, அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் நுவரெலியாவும் ஒன்று.

இவற்றுக்கு அப்பால், இந்திய அரசாங்கம் இலங்கை மாணவருக்கென அறிவிக்கும் புலமைப்பரிசில்கள் உள்ளன. நேரு ஞாபகார்த்தத் திட்டம் பொறியியல், விஞ்ஞானம், வணிகம், கலை முதலிய பல துறைகளின் முதற் பட்டங்களுக்கு. மௌலானா ஆசாத் திட்டம் முதுமாணிப் பட்டத்துக்கு. ராஜீவ் காந்தி திட்டமோ தகவல் தொழில்நுட்பத்தில் பி.ஈ. அல்லது பி.டெக். பட்டத்துக்கென்றே தனியாக ஏற்பட்டது. கல்விக் கட்டணம் முழுவதும், படிப்புக் காலம் முடியும்வரை மாதாந்த ஜீவனப்படி, தங்குமிடப் படி, புத்தகங்களுக்கு வருடாந்தத் தொகை, வைத்திய வசதி, போய்ச் சேர விமானச் சீட்டு, இத்தனையும் அதில் அடங்கும். 2024 இல் நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்ததைப் பெரிய செய்தியாகப் பேசிக்கொண்ட குடும்பத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்கு, நான்கு வருஷத்துப் பொறியியற் படிப்பைச் செலவின்றி முடித்து வரும் வழி பத்திரிகையின் ஒரு மூலையில் விளம்பரமாக வெளிவருகிறது. அந்தப் பத்திரிகையோ தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வருவதில்லை.

நம்மவர்க்கென்றே ஏற்பட்டதும் ஒன்று உண்டு. 1947 இல் நிறுவப்பெற்ற இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் பொறுப்பில், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்கும் உபகாரச் சம்பளம் கொடுத்து வருகிறது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாமல் போனவர்களுக்கு, தனியார் நிறுவனத்தில் பட்டம் படிக்க, வட்டியை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும் கடன் திட்டம் 2017 முதல் நடக்கிறது. எட்டு லட்சம் ரூபா வரை கல்விக் கட்டணத்துக்கும், வேண்டுமானால் மேலும் மூன்று லட்சம் ஜீவனத்துக்கும் என்று அது தொடங்கிற்று. கடன் கடன்தான், வேறு வழி இருக்கும் பிள்ளைக்கு அதை முதலாவதாக நான் சொல்வதில்லை.

இனி நான் கவலையோடு சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தியப் பல்கலைக்கழகங்களில் பி.ஈ., பி.டெக். வகுப்பில் சேர்வதற்குப் பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம் ஆகிய மூன்றையும் பள்ளி இறுதியில் படித்திருக்க வேண்டும். நம் கணக்கில் அது உயர்தரத்தின் கணிதப் பிரிவு. மலையகத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கற்பிக்கும் ஆசிரியர் முழுமையாக அமைந்த பாடசாலைகள் எத்தனை சொற்பம் என்பதை இங்கே பிள்ளைகளை வைத்திருக்கும் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. கிட்டத்துப் பாடசாலையில் கலைப் பிரிவு இருக்கிறது. தூரத்துப் பாடசாலைக்குப் போனால் பஸ் செலவு, அல்லது விடுதிச் செலவு. ஆகவே சாதாரண தரத்தில் கணிதத்துக்கு 'ஏ' எடுத்த பெண் கலைப் பிரிவில் உட்காருகிறாள். மூன்று வருஷம் கழித்து ராஜீவ் காந்தி திட்டத்தின் விண்ணப்பப் பத்திரத்தோடு அவள் என்னிடம் வரும்போது, அதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுப்பதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றும் இருப்பதில்லை. அப்படித் திருப்பிக் கொடுக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்க நேரும் துக்கத்தை இன்னொரு ஆசிரியருக்குச் சொல்லித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது ஒரு நாளில் ஏற்பட்ட குறையன்று. அன்றைய கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோது, தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. அரசாங்கம் அவற்றை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது எழுபதுகளில்தான். முப்பது வருஷம் பின்னால் ஆரம்பித்தவர்கள், முன்னே போனவர்களோடு ஒரே பரீட்சைக்கு உட்காருகிறார்கள். இதை மனத்திற்கொண்டால், நம் பிள்ளைகளில் ஒருவர் இணைந்த கணிதத்தில் சித்தியடைந்து வெளியே வருவது எத்தகைய பிரயத்தனத்தின் பலன் என்பது விளங்கும். கணிதப் பிரிவு வாய்க்காதவர்களுக்கும் வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அதில் தேறியவர்கள் நம் பல்கலைக்கழகங்களின் தொழில்நுட்பப் பட்டங்களுக்குப் போகலாம். எந்தப் பிரிவில் மூன்று பாடம் சித்தியடைந்தவரும் கொழும்புக் கணினிக் கல்லூரியின் வெளிவாரிப் பட்டமான பி.ஐ.டி.க்குப் பதிந்துகொண்டு, வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். நன்கொடையாளர் யாராவது ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க விரும்பி என்னிடம் யோசனை கேட்டால், அந்தப் பரீட்சைக் கட்டணத்தையும் ஒரு மடிக்கணினியையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே முதலிற் சொல்கிறேன்.

அடுத்தது பத்திரங்கள். விண்ணப்பத்தோடு கேட்கும் பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பெறுபேற்றுச் சான்றிதழ், கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், பெற்றோரின் வருமான அத்தாட்சி ஆகியவை வேறெந்த வீட்டிலும் அரைநாள் வேலை. லயத்து வீட்டில் அப்படியன்று. தோட்டத்துப் பிறப்புகள் தோட்ட நிர்வாகத்தின் வழியாகப் பதிவாகி வந்த வழக்கத்தில், தமிழறியாத ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் பல பத்திரங்களில் நிலைத்துவிட்டது. பிள்ளையின் பிறப்பத்தாட்சியில் தகப்பன் சுப்பிரமணியம், அவருடைய அடையாள அட்டையில் சுப்ரமணி, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் சுப்பன். மூன்றும் ஒரே மனிதர் என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும். கடவுச்சீட்டுக் காரியாலயத்துக்குத் தெரியாது. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, பிரதேச செயலகத்தின் பதிவாளரிடம் திருத்த விண்ணப்பம் கொடுத்து, சிங்களத்தில் இருக்கும் பிரதியைச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் ஆக்கி வாங்குவதற்குள் விண்ணப்ப முடிவு தேதி கடந்துபோகிறது. அதற்காக வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் தாய்க்குப் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், விழாது.

நம்முடைய குடும்பங்கள் பத்திரத்துக்கு அஞ்சுவதில் ஆச்சரியமும் இல்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் நம் பாட்டன்மாரைப் பிரஜாவுரிமை இல்லாதவர்களாக்கிற்று. 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் ஒரு முடிவு வந்தது. விண்ணப்பித்ததில் எழுத்துப் பிழை இருந்ததற்காகவே குடும்பம் இரண்டாகப் பிரிந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒரு தகப்பன், இன்று மகளுடைய விண்ணப்பத்தில் ஒப்பமிடப் பேனாவைக் கையில் வாங்கிவிட்டு, "சேர், இதுல ஒண்ணும் பெரச்சன வராதே?" என்று கேட்டால், அவரை அவசரப்படுத்த எனக்கு வாய் வருவதில்லை. ஒவ்வொரு வரியையும் தமிழிற் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குகிறேன்.

கடிதம் வந்து சேரும் விதமும் இதோடு சேர்ந்ததே. லயத்துக் காம்பராவுக்கென்று தனி விலாசம் இல்லாமையால், தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதங்கள் காரியாலயத்தில் இறங்கி, யார் கையிலேனும் கொடுத்தனுப்பப்பட்டு, சிலவேளை நேர்முகப் பரீட்சை நடந்து முடிந்த பிறகு வீடு வந்து சேருகின்றன. இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவனுக்கு இது நேர்ந்தது. உறையின் மேல் தபால் முத்திரையின் தேதியையும் கையிற் கிடைத்த தேதியையும் அருகருகே வைத்து அவன் என்னிடம் காட்டினான். யாரிடமும் கோபித்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை என்பதுதான் என்னை அதிகமாக வருத்திற்று. இப்பொழுது பெரும்பாலான அறிவிப்புகள் மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் வருகின்றன. ஆனால் தகப்பனுடைய பழைய தொலைபேசி இலக்கத்தை விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, அந்தச் சிம் அட்டையை மாற்றிவிடும் வீடுகள் இருக்கின்றன. ஒரு விண்ணப்பம் போய் முடிவு வரும்வரை அந்த இலக்கத்தை மாற்றாதீர்கள். தபால் விலாசத்துக்குப் பாடசாலை அதிபரின் அனுமதியோடு பாடசாலை விலாசத்தைப் போடுங்கள்.

இவ்வளவையும் தாண்டி வந்த பிள்ளை நேர்முகப் பரீட்சைக்குப் போகிறது. கொழும்பில் காலை ஒன்பது மணிக்கு என்றால், முந்தின இரவே தலவாக்கலைக்குப் போய் இரவு ரயில் ஏற வேண்டும். தூங்காத கண்களோடு, கசங்காமல் பையில் மடித்து வைத்த சேலையையோ சட்டையையோ கோட்டை ரயில் நிலையத்தில் மாற்றிக்கொண்டு, கேள்வி கேட்பவர் முன் உட்கார வேண்டும். கேள்விகள் ஆங்கிலத்தில் வரும். பதில்களை மனப்பாடம் செய்து போகும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை. அதற்குரிய காரணத்தை ஒரு மாணவியே எனக்குக் காட்டினாள்.

ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு, வெறும் வகுப்பறையில் நானும் இன்னொரு ஆசிரியரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, தரவுத்தளம் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் அவளைக் கேட்டோம். புத்தகத்தில் இருந்த வரைவிலக்கணத்தை ஒரு சொல் பிசகாமல், மூச்சு விடாமல் ஒப்புவித்தாள். உதாரணம் ஒன்று சொல் என்றதும் நின்றுவிட்டாள். அறை முழுவதும் நிசப்தம். பிறகு தமிழில் கேட்டேன்.

"அம்மா கொழுந்து நிறுக்கிறதப் பாத்திருக்கியா மகள்?"

"பாத்திருக்கேன் சேர். லீவு நாள்ல மடுவத்துக்குத் தேத்தண்ணி கொண்டு போவேன். ஒரு நாளைக்கு மூணு தரம் நிறுப்பாங்க."

"எங்க எழுதுவாங்க?"

"கணக்கப்பிள்ளை புத்தகத்துல எழுதுவாரு. அம்மாகிட்ட துண்டு இருக்கும்."

"ரெண்டும் ஒத்துப் போகாட்டி?"

இந்த இடத்தில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது நடக்கும் சேர். மாசக் கடைசியில அம்மா சொல்ற கிலோவும் செக்ரோல்ல விழுந்த கிலோவும் வேற வேறயா இருக்கும். தண்ணிக்கு, சாக்குக்குன்னு கழிச்சது எவ்வளவுன்னும் எங்கயும் எழுதல. துண்டு தொலஞ்சிட்டா பேச முடியாது."

அதற்குப் பிறகு நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. கரும்பலகைக்கு எழுந்து போய் அவளே கோடு கிழித்தாள். ஆளுக்கு ஒரு இலக்கம், தேதி, எத்தனையாவது நிறை, கிலோ, கழிவுக்கு ஒரு தனி நிரல், ஏனென்றால் மொத்தத்தில் கழித்து எழுதிவிட்டால் எவ்வளவு கழித்தார்கள் என்பது மறைந்துபோகும். ஒரு முறை எழுதிய கிலோவை யாராவது திருத்தினால், பழைய கணக்கு அழியாமல், திருத்தியவர் பெயரும் நேரமும் பக்கத்தில் விழ வேண்டும். அதே விபரம் அன்று மாலையே தாயின் தொலைபேசிக்குத் தமிழில் வர வேண்டும். பேர் முழுதா அரையா என்பதைக் கணக்கப்பிள்ளை தீர்மானிக்காமல் அந்த எண்களிலிருந்து கணினியே கணக்கிட வேண்டும். புத்தகத்தின் வரைவிலக்கணம் தரவு முரண்பாடு என்றும் அணுகல் உரிமை என்றும் எவற்றைச் சொல்கிறதோ, அவற்றை அவள் தாயின் சம்பளத்திலிருந்து அறிந்து வைத்திருந்தாள். அதையே சிறு சிறு ஆங்கில வாக்கியங்களில் சொல்லச் சொன்னோம். காலமும் வேற்றுமையும் தவறின, பொருள் தவறவில்லை. பரீட்சகர் ஒருவர் கேட்க விரும்புவது இதுதான் என்று எனக்குச் சந்தேகமறத் தோன்றியது. தகவல் தொழில்நுட்பம் ஏன் படிக்க விரும்புகிறாய் என்ற கேள்விக்கு, உலகம் கணினி மயமாகிறது என்று தொடங்கும் பதிலை அவர்கள் காலையிலிருந்து கேட்டுக் களைத்திருப்பார்கள். கொழுந்து மடுவத்தின் கணக்கை நேராக்க விரும்புகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், அவர்கள் அடுத்த கேள்வியை உண்மையான ஆவலோடு கேட்பார்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு சொல். தமிழ் மொழியிற் படித்த பிள்ளை பட்ட வகுப்பில், இங்கானாலும் இந்தியாவிலானாலும், ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். ஆகவே பரீட்சகர் அதைச் சோதிப்பது நியாயமே. ஆயினும் அவர்கள் அளப்பது உச்சரிப்பையன்று. கேள்வி விளங்காவிட்டால் இன்னொரு முறை சொல்லும்படி மரியாதையாகக் கேட்கும் தைரியத்தை அளக்கிறார்கள். நம் பிள்ளைகள் பெரியவர் முன் மறுபடி கேட்பது அவமரியாதை என்று பழகியவர்கள். விளங்காத கேள்விக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். நான் பயிற்சியில் அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான்.

தவறாமல் வரும் இன்னொரு கேள்வி உண்டு. படித்து முடித்துத் திரும்பி வருவாயா? இந்தியாவில் ஏதேனும் ஒரு கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இது லேசான கேள்வியன்று. 1964 ஒப்பந்தத்தின் கீழ்க் கப்பலேறிப் போனவர்களின் சந்ததியார் கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள். இங்கிருந்து படிக்கப் போகும் ஒரு பேத்தி அங்கே போய் முதன்முறையாகத் தன் பாட்டியின் தங்கையைச் சந்திக்கக்கூடும். இங்கே அவளுக்குக் காத்திருப்பதோ பத்தடி அகலக் காம்பரா. ஆகையால், நாட்டுக்குச் சேவை செய்யத் திரும்புவேன் என்ற பதிலை யாரும் எழுதிக் கொடுத்து ஒப்புவிக்கச் செய்ய வேண்டாமென்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என்ன நினைக்கிறாயோ அதைச் சொல் என்பதே என் யோசனை. மேற்சொன்ன மாணவி நெடுநேரம் யோசித்துவிட்டு, தாய்க்கு ஒரு தனி வீடு கட்டித்தர எங்கே உழைத்தால் முடியுமோ அங்கே சில வருஷம் உழைப்பேன், அதன்பின் வருவேன் என்றாள். அதில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வட்டகொடை, மடக்கும்புர, பூண்டுலோயாப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பத்தாம் தரத்தில் இருக்கும்போதே பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் உங்கள் இருவரின் அடையாள அட்டையையும் எடுத்து, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், திருத்தும் வேலையை அப்போதே தொடங்குங்கள். சாதாரண தரப் பெறுபேறு வந்ததும், பாடத் தெரிவுக்குக் கையெழுத்திடும் முன், கணிதத்தில் நன்றாகச் செய்த பிள்ளையை அழைத்துக்கொண்டு பாடசாலைக்கு வாருங்கள். ஞாயிறு காலைகளிலும் போயா நாட்களிலும் நான் அங்கேதான் இருப்பேன்.